சும்மா செய்கிற வேலைக்கு விதிமுறை எதற்கு?

நம் இளைஞர்களில் பலர் இன்று கணினித் துறையில் இருக்கிறார்கள். அவர்களில் சிலர், சம்பளத்துக்குச் செய்யும் வேலை போக, இரவில் வீட்டில் உட்கார்ந்து திறமூல மென்பொருளுக்கும் உழைக்கிறார்கள். காசு கிடையாது, பதவி கிடையாது. செய்து முடித்ததை உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். கேட்கவே நன்றாக இருக்கிறது, இல்லையா? ஆனால் உள்ளே போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கேயும் விதிமுறைகள் உண்டு. சில இடங்களில் அலுவலகத்தில் இருப்பதைவிட அதிகமாகவே உண்டு. புதிய பதிப்பை எப்போது வெளியிடலாம், யார் யார் சம்மதிக்க வேண்டும், எந்த இடத்தில் வைத்து விநியோகிக்க வேண்டும், எது இன்னும் வெளியே போகக்கூடாது என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

இதைப் பார்த்ததும் புதிதாக வரும் இளைஞர்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "நான் சும்மா செஞ்சு கொடுக்கறேன். இதுக்கு எதுக்கு இத்தனை ரூல்ஸ்?"

இதைச் சோம்பேறியின் கேள்வி என்று நான் ஒதுக்க மாட்டேன். சம்பளம் வாங்குகிறவன் முதலாளியின் விதிக்குக் கட்டுப்படுகிறான். அதில் ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. கொடுப்பதை மட்டுமே செய்கிறவனை எது கட்டுப்படுத்தும்? அவன் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடவில்லை. நாளைக்கே விட்டுவிட்டுப் போனாலும் யாரும் கேட்க முடியாது. அப்படிப்பட்டவன் ஒரு விதிக்கு ஏன் கீழ்ப்படிய வேண்டும் என்பது நியாயமான கேள்விதான். இதற்கு "ஒழுக்கம் வேண்டும் தம்பி" என்று மேடைப்பேச்சுப் பதில் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், கேட்கவும் வேண்டாம். விதி உண்மையில் என்ன சொல்கிறது என்று முதலில் பார்ப்போம்.

அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளை 1999-இல் அமெரிக்காவில் பதிவு செய்யப்பட்ட லாபநோக்கமற்ற அமைப்பு. இணையத்தளங்களை இயக்கும் அப்பாச்சி வெப் சர்வரில் தொடங்கி, இன்று நூற்றுக்கணக்கான திட்டங்கள் அதன் நிழலில் நடக்கின்றன. அங்கே ஒரு திட்டம் புதிய பதிப்பை வெளியிட வேண்டுமானால், அந்தத் திட்டத்தின் நிர்வாகக் குழுவினரில் குறைந்தது 3 பேர் ஆதரவாக ஓட்டுப் போட வேண்டும். ஆதரவு ஓட்டு எதிர்ப்பு ஓட்டைவிட அதிகமாகவும் இருக்க வேண்டும். சாதாரணமாக 72 மணி நேரமாவது ஓட்டெடுப்பைத் திறந்து வைக்க வேண்டும். ஏன் 72? உலகத்தின் ஒரு மூலையில் தூங்குகிறவருக்கும், வார இறுதியில் பிள்ளைகளோடு வெளியே போனவருக்கும் பார்த்துச் சொல்ல நேரம் கிடைக்கட்டும் என்றுதான். கோலாலம்பூரில் நமக்குப் பகல் என்றால் கலிபோர்னியாவில் நடு இரவு அல்லவா?

ஆனால் இதில் என்னைக் கவர்ந்தது ஓட்டு எண்ணிக்கை அல்ல. ஆதரவு ஓட்டுக்கு அவர்கள் '+1' என்று எழுதுவார்கள். அந்த +1 போடுவதற்கு முன் ஒருவர் என்ன செய்திருக்க வேண்டும் என்று விதியில் தெளிவாக இருக்கிறது. கையொப்பமிட்ட மூலநிரல் தொகுப்பைத் தன் சொந்தக் கணினியில் இறக்கியிருக்க வேண்டும். கையொப்பம் சரியா என்று சோதித்திருக்க வேண்டும். உரிம விதிகள் உட்பட அமைப்பின் நிபந்தனைகளுக்கு அது பொருந்துகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். தொகுப்பில் உள்ளதை உள்ளபடியே கம்பைல் செய்து, தன் கணினியில் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஓட்டு. ஆக +1 என்பது "எனக்குப் பிடிச்சிருக்கு" என்ற லைக் அல்ல. "நான் செய்து பார்த்தேன்" என்று கொடுக்கிற சாட்சி.

விநியோகத்துக்கும் இதே கண்டிப்பு உண்டு. தினமும் இரவில் தானாக உருவாகும் சோதனைத் தொகுப்புகள் அந்தத் திட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும்தான். அவற்றைப் பொதுமக்கள் பார்க்கும் பக்கத்தில் "இதோ, எடுத்துக்கொள்ளுங்கள்" என்று போடக்கூடாது. ஓட்டெடுப்பில் தேறியது மட்டுமே பொது இடத்துக்குப் போகும். வெளியிட்ட பதிப்புகள் அனைத்தும் நிரந்தரக் காப்பகத்தில் இருக்கும். பிழை தெரிந்ததும் பழையதைச் சத்தமில்லாமல் மாற்றி வைக்கிற வேலை நடக்காது. இப்படி விதிப்படி போனால்தான் அந்த வெளியீடு அறக்கட்டளையின் செயலாகிறது. நாளைக்கு வழக்கு என்று யாராவது வந்தால், இரவில் உட்கார்ந்து வேலை செய்த அந்தத் தனி மனிதரின் கழுத்தை நேராகப் பிடிக்க முடியாது. விதி அவருக்கும் ஒரு குடை.

இன்னொரு சின்ன விஷயம். அங்கே ஒரு நிரல் மாற்றத்தைத் தகுந்த தொழில்நுட்பக் காரணம் சொல்லி ஒரே ஓர் ஆள் தடுத்துவிடலாம். ஆனால் ஒரு வெளியீட்டை ஓர் ஆளால் தடுக்க முடியாது. ஒருவரின் கோபத்துக்காக எல்லாருடைய வேலையும் நின்றுவிடக்கூடாது என்று யோசித்திருக்கிறார்கள். விதி என்றாலே தடை போடுவது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

இது என் வாழ்க்கைக்குள் எப்படி வந்தது என்று சொல்கிறேன். பழைய எழுத்துருக்களில் தட்டெழுதிய தமிழ்க் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றித் தரும் ஒரு சிறிய கருவிக்கு நாங்கள் சிலர் சேர்ந்து உழைக்கிறோம். அப்பாச்சிக்கும் எங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மூன்று ஓட்டு விதி நல்ல விதியாகத் தெரிந்ததால் எங்களுக்கும் வைத்துக்கொண்டோம், அவ்வளவுதான். ஒரு வெள்ளிக்கிழமை இரவு, அந்தப் பதிப்பைத் தயாரித்த தம்பி எனக்குப் போன் செய்தார். நல்ல உழைப்பாளி. பாதிக்கு மேல் நிரல் அவர் எழுதியதுதான்.

"அண்ணே, ரெண்டு ஓட்டு விழுந்துருச்சு. நீங்க ஒரு பிளஸ் ஒன் போட்டா இன்னிக்கே விட்டுடலாம்."

"இன்னும் இறக்கிப் பார்க்கலையே தம்பி. நாளைக்குக் காலையில பார்க்கிறேன்."

"ஒரு டீச்சர் ரெண்டு வாரமா காத்துக்கிட்டு இருக்காங்கண்ணே. பழைய கேள்வித்தாள் எல்லாம் மாத்தணுமாம். நான்தானே எழுதினேன், என் மேல நம்பிக்கை இல்லையா?"

இந்தக் கடைசிக் கேள்விதான் கஷ்டமானது. அவர் மேல் எனக்கு நம்பிக்கை இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆசிரியை காத்திருந்ததும் உண்மை. ஆனால் அந்த ஓட்டு என்னிடம் கேட்டது "இந்தத் தம்பி நல்லவரா?" என்று அல்ல. "இந்தத் தொகுப்பு உன் கணினியில் ஓடியதா?" என்று. முதல் கேள்விக்கான பதிலை இரண்டாவது கேள்விக்கு எழுதினால் அது பொய்ச்சாட்சி. அன்பினால் சொன்னாலும் பொய் பொய்தான். நட்புக்காக ஒரு கையெழுத்து என்பது நம் சங்கங்களிலும் சர்வ சாதாரணமாக நடக்கிற ஒன்று; கணக்கறிக்கையைப் படிக்காமலே "முன்மொழிகிறேன், வழிமொழிகிறேன்" என்று கை தூக்குகிற ஆண்டுக் கூட்டங்களை நாம் பார்த்ததில்லையா?

மறுநாள் காலை இறக்கிப் பார்த்தேன். கம்பைல் ஆகவில்லை. எழுத்துகளை ஒன்றுக்கொன்று பொருத்தும் அட்டவணைக் கோப்பு தொகுப்பில் சேரவே இல்லை. அது தம்பியின் கணினியில் இருந்தது, அதனால் அவரிடம் எல்லாம் அழகாக ஓடியது. முதல் இரண்டு ஓட்டுப் போட்டவர்களின் கணினியிலும் முந்தைய சோதனையில் எடுத்து வைத்த அதே கோப்பு கிடந்தது. அதைச் சேர்த்து, மறுபடி ஓட்டெடுத்து வெளியிட நான்கு நாள் ஆனது. தம்பிக்கு வருத்தம்தான். கொஞ்ச காலம் என்னோடு வேலை விஷயம் மட்டுமே பேசினார். ஆசிரியைக்கு ஓடாத ஒன்றை அனுப்பவில்லை என்பதைவிட, என் பிடிவாதம்தான் அப்போது அவருக்குப் பெரிதாகத் தெரிந்தது. அதையும் நான் புரிந்துகொள்கிறேன்.

எங்கள் விஷயத்தில் ஒரு கோப்பு தற்செயலாக விட்டுப்போனது. 2024-இல் எக்ஸ்இசட் என்ற கருவியில் நடந்தது இதற்கு நேர் எதிர். கோப்புகளைச் சுருக்கும் அந்தக் கருவி லினக்ஸ் கணினிகளில் எங்கும் பரவியிருப்பது. அதைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வந்தவர் லாஸ்ஸே காலின் என்ற ஒரே ஒரு தன்னார்வலர். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் 2021 முதல் உதவிக்கு வந்தார். பொறுமையாக நல்ல வேலை செய்து, நம்பிக்கை சம்பாதித்து, பதிப்பு வெளியிடும் உரிமையையும் பெற்றார். 2024 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் அவர் வெளியிட்ட 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு திருட்டு வழி ஒளிந்திருந்தது. தீங்கின் ஒரு பகுதி சோதனைக் கோப்புகள் என்ற வேடத்தில், எல்லாரும் பார்க்கும் மூலநிரல் களஞ்சியத்திலேயே இருந்தது. ஆனால் அதைத் தட்டி எழுப்பும் சிறு நிரல் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் செருகப்பட்டிருந்தது. அப்படிச் சில கோப்புகள் தொகுப்பில் மட்டும் கூடுதலாக இருப்பது அந்த வகைத் திட்டங்களில் வழக்கம் என்பதால், ஒருவரும் சந்தேகப்படவில்லை.

2024 மார்ச் 29-இல் ஆன்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற புரோகிராமர் இதை உலகத்துக்கு அறிவித்தார். அவர் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் வேலை செய்பவர். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும்போது ஏறக்குறைய அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து, "ஏன் இப்படி?" என்று விடாமல் தோண்டிப் பார்த்திருக்கிறார். அரை விநாடி! நாமாக இருந்தால் லைன் மெதுவாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தே தாரிக் குடிக்கப் போயிருப்போம். அதற்குள் அந்தப் பதிப்பு டெபியன், ஃபெடோரா போன்றவற்றின் சோதனைப் பிரிவுகள் வரை போய்விட்டது. நிலையான பதிப்புகளுக்குள் மட்டும் நுழையவில்லை, ஏனென்றால் அங்கே புதியது எதுவும் உடனே போவதில்லை. பலர் "ரொம்ப ஸ்லோ" என்று கேலி செய்கிற அந்தக் காத்திருப்பு, அன்றைக்கு எத்தனையோ சர்வர்களைக் காப்பாற்றியது.

இந்த நிகழ்ச்சியை விதிமுறைக்கு ஆதரவாக மட்டும் நான் காட்டினால் அது நேர்மையில்லை. அந்தத் திருட்டுத் தொகுப்பிலும் முறையான கையொப்பம் இருந்தது. பதிப்பு எண் ஒழுங்காக இருந்தது. வெளியே தெரியும் சடங்குகள் எல்லாம் நடந்திருந்தன. தொகுப்பைக் களஞ்சியத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிற இரண்டாவது ஜோடிக் கண்தான் இல்லை. கையொப்பம் யார் கொடுத்தார் என்று சொல்லும். என்ன கொடுத்தார் என்று சொல்லாது. அதனால்தான் அப்பாச்சி விதியில் கையொப்பத்தைச் சோதிப்பதோடு நிறுத்தாமல், இறக்கு, கம்பைல் செய், ஓட்டிப் பார் என்றும் எழுதியிருக்கிறார்கள். அதைச் செய்யாமல் மூன்று பேர் +1 போட்டால் விதியின் எழுத்து காப்பாற்றப்படும், ஆனால் உள்ளே ஒன்றும் இருக்காது. சொல்லப்போனால் விதியே இல்லாத இடத்தைவிட இது மோசம். விதி இல்லை என்று தெரிந்தால் ஜனங்கள் தாங்களாகவே எச்சரிக்கையாக இருப்பார்கள். மூன்று ஓட்டைப் பார்த்தால் நம்பிவிடுவார்கள்.

சரி, திருடனுக்கு எதிராக விதி வேண்டும், ஒப்புக்கொள்கிறோம். நல்லவருக்கு எதிராக? இங்கேதான் எனக்கும் மனம் கனக்கிறது.

லினக்ஸ் கெர்னலில் புதிய அம்சங்களைச் சேர்ப்பதற்கு ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு வாரம்தான் கதவு திறந்திருக்கும். அதற்குப் பிறகு ஏழு வாரம் போல, வாரம் ஒரு சோதனைப் பதிப்பு வரும். அந்தக் காலத்தில் பிழைத்திருத்தம் மட்டும். கென்ட் ஓவர்ஸ்ட்ரீட் என்பவர் பல ஆண்டு உழைப்பில் உருவாக்கிய பிகேஷ்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை, 2024 ஜனவரியில் வந்த 6.7 பதிப்பில் கெர்னலுக்குள் சேர்ந்தது. அதன்பிறகு கதவு மூடிய காலத்திலும் அவர் பெரிய மாற்றங்களை அனுப்பினார் என்று லினஸ் டோர்வால்ட்ஸுக்கும் அவருக்கும் திரும்பத் திரும்ப மோதல் வந்தது. 2025 ஜூனில் 6.16-க்கான சோதனைக் காலத்தில், கெட்டுப்போன தரவை மீட்கும் ஒரு புதிய வசதியை அனுப்பினார். பயனர்களின் கோப்புகள் தொலைந்துபோகும்போது அடுத்த சுற்று வரை காத்திருக்கச் சொல்வது எப்படி நியாயம் என்பது அவர் வாதம். டோர்வால்ட்ஸ் அதைச் சேர்த்துக்கொண்டார், ஆனால் இனி நாம் பிரிய வேண்டியதுதான் என்றும் எழுதிவிட்டார். 6.17-இல் அந்தப் பகுதி வெளியில் பராமரிக்கப்படுவது என்று குறிக்கப்பட்டது. 6.18-இல் நிரலே நீக்கப்பட்டது.

ஓவர்ஸ்ட்ரீட்டின் வாதம் எனக்குப் புரிகிறது. தன் பயனர் ஒருவரின் குடும்பப் படங்கள் எல்லாம் போய்விட்டன என்று வந்து நின்றால், அதை மீட்கும் வழியைக் கையில் வைத்துக்கொண்டு நாட்காட்டியைக் காட்டச் சொன்னால், எனக்கும் கசக்கும். ஆனாலும் நான் விதியின் பக்கம்தான் நிற்கிறேன். கெர்னலில் இப்படிப் பொறுப்பாளர்கள் ஏராளம். ஒவ்வொருவருக்கும் தன் பகுதிதான் அவசரம், ஒவ்வொருவரும் தன் பயனரை நேசிக்கிறவர்தான். எல்லாருக்கும் அந்த உரிமையைக் கொடுத்தால் சோதனைக் காலம் என்று ஒன்று மிஞ்சாது. அப்போது பாதிக்கப்படுவது பிகேஷ்எஃப்எஸ் என்ற பெயரைக்கூடக் கேள்விப்படாத யாரோ ஒருவர். அவர் அந்த விவாதத்தில் இல்லை. அவருக்காகப் பேச யாரும் அழைக்கப்படவும் இல்லை. அவருடைய இடத்தில் அந்த விதிதான் உட்கார்ந்திருக்கிறது. அதே சமயம், முடிவில் விலை கொடுத்தவர்களில் பிகேஷ்எஃப்எஸ் பயனர்களும் உண்டு. அவர்கள் இன்று அதைத் தனியாக வெளியிலிருந்து எடுத்து இணைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. விதி வென்றது என்று கைதட்ட எனக்கு மனம் வரவில்லை.

அப்படியானால் அவசரம் என்று வந்தால் என்னதான் செய்வது? விதியை மாற்றலாம், வெளிப்படையாக. 2006-இல் உபுந்து ஏப்ரலில் வரவேண்டிய பதிப்பை ஆறு வாரம் தள்ளிவைத்தது. யாருக்கும் தெரியாமல் அல்ல, முன்கூட்டியே பேசி முடிவெடுத்து. 6.04 என்று வந்திருக்க வேண்டியது 6.06 என்ற எண்ணோடு வந்தது. அந்தத் தாமதம் பதிப்பின் பெயரிலேயே எல்லாருக்கும் தெரிகிற மாதிரி.

அவசரத்திலும் அவசரம் 2021 டிசம்பரில் வந்தது. ஜாவா நிரல்கள் பதிவுக்குறிப்பு எழுதப் பயன்படுத்தும் லாக்4ஜே, அப்பாச்சியின் ஒரு திட்டம். அதில் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டை வழியாக, ஒரு வரிச் செய்தியை அனுப்பியே அடுத்தவர் சர்வரில் தன் நிரலை ஓட்ட முடிந்தது. உலகமே பதறியது. அப்போது 72 மணி நேரம் காத்திருப்பதா? வேண்டாம். அந்த விதியே 72-ஐக் கட்டாயம் என்று சொல்லவில்லை, வழக்கமாக இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. தக்க காரணம் இருந்தால் சுருக்கலாம். ஆனால் மூன்று பேர் என்பதைச் சுருக்க வழியில்லை. நேரம் வளையும், பார்த்தேன் என்கிற சாட்சி வளையாது. எங்கே வளையலாம், எங்கே கூடாது என்று நிம்மதியாக இருந்த காலத்திலேயே உட்கார்ந்து யோசித்து வைத்திருக்கிறார்கள். நெருப்புப் பிடித்த பிறகு அதை யோசிக்க முடியாது. அப்படியும் முதலில் வந்த 2.15.0-இன் திருத்தம் முழுமையாக இல்லை. 2.16.0, 2.17.0, 2.17.1 என்று அந்த ஒரே மாதத்தில் அடுத்தடுத்து வெளியிட வேண்டியிருந்தது. மூன்று பேர் பார்த்தாலும் மனிதர்கள் தவறவிடுவார்கள். விதி அதற்கு மருந்து என்று யாரும் சொல்லவில்லை.

இதில் நம்மைப் போன்ற சாதாரணப் பயனர்களுக்கும் பங்கு உண்டு. எக்ஸ்இசட் விஷயத்தில் லாஸ்ஸே காலின், இது தான் ஊதியமின்றிப் பொழுதுபோக்காகச் செய்யும் திட்டம் என்று முன்பே வெளிப்படையாக எழுதியிருந்தார். ஆனாலும் "ஏன் இவ்வளவு தாமதம், வேறு ஆளிடம் கொடுங்கள்" என்று சில பெயர்களில் வந்த நெருக்குதல் அவரைச் சூழ்ந்தது. அந்த நெருக்குதலே திட்டமிட்ட நாடகத்தின் பகுதி என்று இன்று பலர் கருதுகிறார்கள். நாடகமோ இல்லையோ, அது எடுபட்டதற்குக் காரணம், அப்படி நெருக்குவது அங்கே சகஜம். இலவசமாக வாங்கிக்கொண்டு, "புது வெர்ஷன் எப்போ?" என்று மிரட்டுவது நமக்குப் பழகிப்போயிருக்கிறது. மூன்று பேர் பார்க்க வேண்டும் என்று விதி எழுதுவது சுலபம். மூன்று பேர் எங்கே?

அதனால் கணினி தெரிந்த தம்பி தங்கைகளிடம் ஒன்று கேட்கிறேன். அப்பாச்சி திட்டங்களில் ஓட்டெடுப்பு அறிவிப்பு வரும்போது நிர்வாகக் குழுவில் இல்லாதவர்களும் சோதித்து ஓட்டுப் போடலாம். அது கணக்கில் சேராது, ஆனால் படிக்கப்படும். நிரல் எழுதத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. நீங்கள் தினமும் பயன்படுத்தும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வரப்போகும் பதிப்பை இறக்குங்கள். சரிபார்ப்பு எண் பொருந்துகிறதா பாருங்கள், கையொப்பத்தைச் சோதியுங்கள், கம்பைல் செய்து ஓட்டுங்கள். பிறகு எந்தக் கணினி, எந்த இயங்குதளம், எதைச் செய்து பார்த்தீர்கள், எதைப் பார்க்கவில்லை என்று நான்கு வரி எழுதி அனுப்புங்கள். முதல் தடவை ஒரு சனிக்கிழமை மதியம் முழுக்கப் போய்விடும். இரண்டாவது தடவை ஒரு மணி நேரம்கூட ஆகாது.